அப்பா ஏறப்போகும் காருக்கு நாலு காயில்

கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, அப்பா அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை. அம்மா ஏறியிருக்கிறாள். அக்கா ஏறியிருக்கிறாள். அக்காவின் பிள்ளைகள் ஏறி சீட்டெல்லாம் ஐஸ்கிரீம் கொட்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டு ரத்தினம்மாள் அத்தைகூடக் கீரப்பாளையம் வரைக்கும் வந்துவிட்டு, ஏசி ஜாஸ்தி என்று குறை வேறு சொன்னார். அப்பா மட்டும் வரமாட்டார்.

அப்பா பெயர் தட்சிணாமூர்த்தி. அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே காலம் முழுக்க ஓட்டியவர். கேட்டால், "வண்டின்னா அம்பது பேரு ஏறணும். நாலு பேரு போறதுக்கு எதுக்குடி வண்டி, நடந்தே போவலாம்" என்பார். இது ஒரு பேச்சா?

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். காலேஜ் படிக்கும்போது எனக்கு ஓட்டக் கற்றுக்கொடு என்று அவரிடம் கேட்டேன். பொம்பளப் புள்ள ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் போதும், ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம் என்றுவிட்டார். நான் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் கடலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். இன்றைக்கு நான் கடலூரிலேயே தங்கி, அங்கே சிப்காட்டில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் என்ஜினியர். என்னைவிட மூத்த ஆண்பிள்ளைகள், அறிவுமதி மேடம் வந்து சொல்லட்டும் என்று மோட்டாரைத் தொடாமல் நிற்பார்கள். ஆனாலும் எனக்கு ஒரே ஒரு ஆசை. அப்பா என் இடது பக்கத்தில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், நான் ஓட்ட வேண்டும். அல்ப ஆசைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்கு ஒரு நாள் வந்தது. ரிட்டயர் ஆன டிரைவர்களும் கண்டக்டர்களும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள், ஆயுத பூஜைக்கு மறுநாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, பஸ் படிக்கட்டு ஏறினால் இரண்டு நாள் படுத்துக்கொள்வார். அம்மா பிடி பிடியென்று பிடித்தாள். பொண்ணு காரில் போவதென்றால் போங்கள், இல்லாவிட்டால் வீட்டில் கிடங்கள் என்றாள். அப்பா வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டு ஒரு கண்டிஷன் போட்டார்.

"வழியில எங்கியாச்சும் ஒரு எடத்துல நின்னுச்சி, எறங்கி பஸ்ஸு ஏறிடுவேன். அதுக்கப்பறம் என்னக் கூப்டக் கூடாது."

சரி என்றேன். சொன்ன ஒரே வாரத்தில் கார் விக்க ஆரம்பித்தது.

என் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்க்கச் சின்னதாக, சாதுவாக இருக்கும். உள்ளே டர்போ இஞ்சின். எனக்கு முன்னால் வைத்திருந்த பாண்டிச்சேரிப் பையன் அதன் கம்ப்யூட்டரில் கைவைத்து, கம்பெனி கொடுத்ததைவிட எக்கச்சக்கமாக வேகம் ஏற்றி வைத்திருந்தான். அதற்காகவே வாங்கினேன், பொய் சொல்வானேன். அந்த வண்டி, ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை அமுக்கும்போதெல்லாம் விக்கல் எடுத்தது. டேஷ்போர்டில் மஞ்சள் லைட் கண்ணடித்தது.

இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி நான்காவதில் மாட்டிப் பார்த்தேன். விக்கலும் கூடவே நான்காவதுக்குப் போனது. காயில்தான் என்று தெரிந்துவிட்டது. பேட்டரியில் இருப்பது பன்னிரண்டு வோல்ட். பெட்ரோல் பற்றிக்கொள்ள பிளக் முனையில் ஒரு பொறி குதிக்க வேண்டும், அதற்குப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். பன்னிரண்டை அத்தனை ஆயிரமாக்கிக் கொடுக்கிற சின்ன சாமான்தான் இக்னிஷன் காயில், சிலிண்டருக்கு ஒன்று. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கத் திணிக்கப் பொறி குதிப்பது கஷ்டமாகும். பாண்டிச்சேரிப் பையன் அளவுக்கு மேல் திணிக்கும்படி வைத்திருந்தான். பழைய காயில்கள் தாக்குப்பிடிக்கவில்லை. நாலையும் மாற்றியாக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் என் உயிர் போனது.

போனில் அப்பாவிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.

"காயிலா? எம் வண்டியில அதெல்லாம் கெடையாதே."

"அது டீசல்ப்பா. டீசலுக்குப் பொறி வேணாம், தானா எரியும்."

"அதத்தான் நானும் சொல்றேன். பொறியே இல்லாம இத்தன வருசம் ஓட்டிட்டேன். ஒனக்கு நாலு பொறி கேக்குது."

போனை வைத்துவிட்டேன்.

அடுத்து அக்கா வீட்டுக்காரர், செந்தமிழ்செல்வன் மாமா. கீழவீதியில் மொபைல் கடை வைத்திருக்கிறார். சொந்தமாகக் கார் கிடையாது. ஆனால் கார் பற்றி உலகத்தில் எவன் வீடியோ போட்டாலும் முதல் ஆளாகப் பார்த்துவிடுவார்.

"செவப்பு காயில் போடு அறிவு. முப்பது பர்சென்ட் பவர் ஜாஸ்தி."

"யாரு மாமா சொன்னது?"

"பொட்டியிலயே போட்டுருக்கான். ரேஸ் வண்டிக்கெல்லாம் அதான்."

வேண்டாம் மாமா என்றேன். வேண்டாம் என்பது அவர் காதில் விழுந்ததே கிடையாது. கொழுந்தியாளுக்கு ஆசையாக ஒரு செட் வரவழைத்து, கடைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். நல்ல ரத்தச் சிவப்பு, பளபளவென்று இருந்தது. மாட்டிப் பார்த்தால் ஒரு விரல்கடை உயரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, பானெட் மூடவில்லை.

"ரேஸ் வண்டியில அப்டித்தாம்மா நிக்கும்," என்றார் மாமா.

"பானெட்ட என்னா மாமா பண்றது?"

"அதக் கழட்டிப்புடு. வெயிட்டு கொறையும்."

அவரிடம் இதற்குமேல் என்ன பேசுவது? வீட்டுக்குக் கொண்டுவந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். என் காரின் கம்ப்யூட்டர், ஒரு பொறிக்கு இவ்வளவு நேரம் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று அதன் சொந்தக் காயிலுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இந்தச் சிவப்பு அதே நேரத்தில் இரண்டு பங்கு கரண்டைக் குடிக்கும். குடித்துவிட்டுச் சூடாகும், சூடானால் தானும் கெட்டு கம்ப்யூட்டரையும் கெடுக்கும். பெட்டியில் போட்டிருந்த முப்பது பர்சென்ட் எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

கம்பெனி காயிலையே வாங்கலாம் என்றால், கம்பெனி அதைச் செய்தது கம்பெனி வேகத்துக்கு. எனக்கு இருப்பதோ பாண்டிச்சேரி வேகம். ஆன்லைனில் மலிவாக இருந்ததைப் போட்டவர்கள் எல்லாரும் ஒரு மழைக்காலத்துக்குள் புலம்பியிருந்தார்கள். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படித்தேன், அளந்தேன், நாலு பேரிடம் கேட்டேன். கடைசியில் பிடித்தேன். அதே கம்பெனி, அதன் பெரிய இஞ்சினுக்குப் போடுகிற காயில். அதே நீளம், அதே சாக்கெட், கரண்ட் குடிப்பதும் ஏறக்குறைய அதே. பொறி மட்டும் கூடுதல் வலு. கம்ப்யூட்டரைத் தொடவேண்டாம், பானெட்டும் மூடும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எங்கள் வீட்டில் இதில் பாதிகூட விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் செந்தமிழ்செல்வன் மாமா வந்திருக்கமாட்டார்.

ஃபேக்டரிக்குள் கூரியர்காரரை விடமாட்டார்கள் என்பதால் சிதம்பரம் வீட்டு அட்ரஸ் கொடுத்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்ததாக அம்மா போன் செய்தாள். மறுநாள் காலை எனக்கோ ஃபேக்டரியில் பூஜை. பொரிகடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு நான் காரோடு விக்கி விக்கி சிதம்பரம் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டில் பூஜை முடிந்திருந்தது. பெட்டி அலமாரியில் இருந்தது. டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. கூரியர்காரர்கள் இப்படித்தான் ஒட்டுவார்கள் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜையன்று ஊரில் எந்த ஷெட்டும் வேலை செய்யாது. பைபாஸ் பக்கம் அந்தோணிசாமி அண்ணன் மட்டும், வேலையாட்களுக்கு லீவு கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். நல்ல கைக்காரர். பெட்டியைக் கொடுத்தேன். அவர் டேப்பைக் கிழிக்கும்போது ஃபேக்டரியிலிருந்து போன். பம்ப் ஒன்று நின்றுவிட்டதாம். ரோட்டோரம் நின்று அரைமணி நேரம் கத்திவிட்டுத் திரும்பி வந்தால், வேலை முடிந்து பானெட்டை மூடிக்கொண்டிருந்தார். அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியவள், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் புத்தியை என்ன சொல்வது?

ஒரு ரவுண்டு ஓட்டினேன். விக்கல் இல்லை, லைட் இல்லை. அமுக்கினால் பிய்த்துக்கொண்டு போனது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை.

மறுநாள் காலையில் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் புதுத் துண்டுடன் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான்கு டயரையும் காலால் தட்டினார். பிறகு ஏறி உட்கார்ந்தார். சத்தியமாக உட்கார்ந்தார். சீட் பெல்ட் போடச் சொன்னதற்கு, நான் ஓட்டும்போதே போட்டதில்லை என்று முனகிக்கொண்டே போட்டார்.

ஊர் எல்லை தாண்டும்வரை நன்றாகப் போனது. அப்பாவுக்கு வாய் சும்மா இல்லை. "மூணுல போ", "சைக்கிள்காரன் வரான் பாரு", "இது என்னா ஹாரன், எலி கத்துற மாதிரி". ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவர் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தார். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பி.முட்லூர் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறி, ஒரு டிராக்டரை முந்துவதற்காக லேசாக அமுக்கினேன்.

விக்கியது.

முதலில் ஒன்று, அப்புறம் தொடர்ந்து. மஞ்சள் லைட் கண்ணடித்தது. புதுச்சத்திரம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன், அதற்குமேல் வண்டி தள்ளாடியது. ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினேன். அப்பா ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. பேசாமல் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி, பஸ் வருகிறதா என்று சிதம்பரம் பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானமே போய்விட்டது.

பானெட்டைத் திறந்தேன். காரில் மாட்டியிருந்த ஸ்கேனரைப் போனில் பார்த்தால், இரண்டாவது சிலிண்டரும் மூன்றாவதும் எரியவில்லை என்றது. புத்தம்புது காயில், எப்படிக் கெடும்? இரண்டாவதன் சாக்கெட்டைப் பிடுங்கினேன். உள்ளே கம்பி முனைகளைச் சுற்றி மஞ்சளாக, நடுவில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. துரு என்று நினைத்து விரலால் சுரண்டினேன். பொருக்காக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

மூன்றாவதைப் பிடுங்கினேன், சந்தனம், குங்குமம். ஒன்றாவதில், நான்காவதில், எல்லாவற்றிலும் நடு மூஞ்சியில் லட்சணமாக ஒரு பொட்டு. ஈரமாக இருக்கும்வரை எப்படியோ ஓடியிருக்கிறது. இஞ்சின் சூட்டில் காய்ந்து பொருக்கு தட்டியதும் கம்பிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தோணிசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மாட்டும்போது உள்ள பொட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சிம்மா. நாலுலயும் இருந்துச்சி."

"தொடைக்கலையா?"

"யோசிச்சேம்மா. நீங்க பூச போட்டுக் கொண்டாந்துருக்கீங்க. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், நான் கைய வெச்சி அழிச்சா நல்லாவா இருக்கும்? வெளியில வழிஞ்சத மட்டும் தொடச்சிட்டு மாட்டிட்டேன். ஓடுச்சில்ல?"

ஓடியது அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மனிதரை என்னவென்று திட்டுவது? திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பொட்டியப் பிரிச்சியா?"

"எந்தப் பொட்டிய?"

"அப்பா."

தோளில் துண்டைச் சரிசெய்தார்.

"ஆயுத பூசன்னா வேல செய்யுற சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வெக்கணும். ஒங்கம்மா மிக்ஸிக்கு வெச்சா, இஸ்திரிப் பொட்டிக்கு வெச்சா, டிவி ரிமோட்டுக்குக்கூட வெச்சா. வண்டிக்குள்ள போற சாமான் அதுபாட்டுக்கு அனாதையாக் கெடக்குது."

"வெச்சா வெளிய வெக்க வேண்டியதுதான? உள்ள எதுக்கு வெச்ச?"

"வெளியில வெச்சா கைபட்டு அழிஞ்சி பூடும். உள்ள மூஞ்சி மாதிரி இருந்துச்சி, அதுல வெச்சேன்."

"நாலுக்குமா?"

"ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ண உட்டுட்டா வெப்பாங்க?"

எனக்கு வந்ததே கோபம். எத்தனையோ வருடக் கோபம், புதுச்சத்திரம் ரோட்டோரத்தில் வந்தது.

"ஒரு காயில் எடுக்க நான் எவ்ளோ பாடுபட்டேன் தெரியுமா? எல்லாம் எதுக்கு? நீ ஏறணும்னு. நீ எனக்கு ஓட்டக் கத்துத் தரல, சரி. நான் வாங்குன வண்டியில ஏறல, சரி. ஒரே ஒரு நாளு ஏற வந்த, அதுலயும் நீயே சந்தனத்த அப்பி நிறுத்திப்புட்ட. உனக்கு நான் ஓட்டுறதே புடிக்கல, சொல்லித் தொலையேன்."

பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அப்பா கிட்டே வந்து நின்றார்.

"நீ தனியா ஓட்டிக்கினு போற," என்றார். "அதுவும் பேய் மாதிரி போறன்னு செந்தமிழு சொல்றாரு. நீ கடலூரு போயி சேந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும் நான் ஒக்கார மாட்டேன், ஒங்கம்மாவக் கேளு. எனக்கு இந்த வண்டியப் பத்தி ஒண்ணுந் தெரியல. பொட்டு வெக்கத்தான் தெரிஞ்சிது."

துப்பட்டாவிலிருந்து பின்னூசியைக் கழற்றி, பையிலிருந்த சானிடைசரை ஊற்றி, இரண்டாவது காயிலைச் சுரண்ட ஆரம்பித்தேன். துடைக்கத் துணி தேடினேன். அப்பா தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து நீட்டினார். கூட்டத்துக்கென்றே வாங்கியது. சந்தனமும் குங்குமமும் இஞ்சின் கறையும் அதில் ஏறின.

அப்போதுதான் பின்னால் ஏர் ஹாரன் கேட்டது. கடலூர் பஸ். அப்பாவைப் பார்த்துவிட்டு ஓரங்கட்டி நின்றது. முன்படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் தங்கராசு எட்டிப்பார்த்தார். அப்பாவோடு பல வருடம் ஒரே வண்டியில் வேலை பார்த்தவர்.

"அண்ணே, நின்னுட்ச்சா? ஏறுங்க. மஞ்சக்குப்பத்துல மண்டபத்து வாசல்லயே எறக்கி உடுறேன். முன் சீட்டு காலியாத்தான் இருக்குது."

எனக்குக் கை நின்றுவிட்டது. தலையைத் தூக்கவில்லை. கண்டிஷன் கண்டிஷன்தான். வண்டி நின்றுவிட்டது, பஸ்ஸும் வந்துவிட்டது. போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னூசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ போ தங்கராசு," என்றார் அப்பா. "நான் வண்டியில வரேன்."

"எந்த வண்டியில?"

"இதுலதான். எம் பொண்ணு வண்டி. டர்போ."

தங்கராசு திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார், அழுக்குத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நின்னுல்ல கெடக்குது?"

"நிக்கல. நிறுத்திருக்கோம். நீ விசிலக் குடு, டைம் ஆவுது ஒனக்கு."

விசில் கேட்டது. பஸ் கிளம்பிப் போனது. அப்பா என் பக்கம் திரும்பாமல், போனின் டார்ச்சைத் தானே போட்டு, மூன்றாவது காயிலுக்கு நேராகப் பிடித்தார். பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நாலையும் சுத்தமாகத் துடைத்து மாட்டினேன். ஏறினோம். அப்பா சொல்லாமலே பெல்ட் போட்டார். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் லைட் வந்தது, அணைந்தது. லேசாக அமுக்கினேன், விக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். நாலும் ஒழுங்காக எரிந்தன.

பெரியபட்டு தாண்டும்போது முன்னால் அந்த பஸ் போய்க்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே மரியாதையாகப் போனேன். அப்பா வருவதால் அன்றைக்கு எவரையும் முந்துவதில்லை என்று, டிராக்டரை முந்தப்போய்ப் பட்ட பாட்டோடு முடிவு செய்திருந்தேன். அப்பா ஒருமுறை சாலையைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"வலது பக்கம் காலியாத்தான இருக்குது?" என்றார்.

"இருக்குதுப்பா."

"அப்பறம் என்னா அவன் பொகையக் குடிச்சிக்கினு வர? போ."

அமுக்கினேன். டர்போ மூச்சிழுத்துக்கொண்டு கிளம்பியது. அப்பா மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ்ஸின் பின்டயர், ஜன்னல்கள், அதில் ஒன்றில் எட்டிப்பார்த்த தங்கராசுவின் வாய் பிளந்த முகம் எல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு ராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் முட்டி ரோடு கலங்கலாகத் தெரிந்தது. கொஞ்சம் வேகத்தைக் குறைத்தேன்.

"இப்ப எதுக்குக் கால எடுத்த?" என்று அதட்டினார் அப்பா.